மக்கும் குப்பையும் மாறாத சொல்லும்: தாராவிச் சிறார்க்குரிய படநூல்கள் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

குழந்தை இலக்கிய வகைகளுள் படநூல் தனித்தன்மை உடையது. இதில் படம் சொல்லுக்கு வெறும் விளக்கமாக நிற்பதில்லை. சொல் விட்ட இடத்தைப் படமும், படம் விட்ட இடத்தைச் சொல்லும் நிரப்புகின்றன. எழுத்தறியாக் குழந்தை படத்தைப் படிக்கிறது. அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர் சொல்லைப் படிக்கிறார். இவ்விருவர் படிப்பும் கூடும்போதே நூல் முழுமை பெறுகிறது. ஆதலின் படநூலைத் திறனாய்வோர் நூலை மட்டுமன்றி, அது படிக்கப்படும் வீட்டையும் அவ்வீட்டில் வழங்கும் மொழியையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் சுற்றுச்சூழல் பற்றிய படநூல்கள் உலகெங்கும் பெருகியுள்ளன. அவற்றுள் சமையலறைக் கழிவை உரமாக்கும் முறையை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள சிறார்க்குக் கற்பிக்கும் நூல்கள் ஒரு தனிப்பிரிவாக வளர்ந்துள்ளன. அவற்றுள் சிலவற்றின் உத்திகளை ஆராய்ந்து, மும்பையின் தாராவியில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு அவை எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தா என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உரமாக்கலின் வேளாண் பயனை விரித்துரைத்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. களம்

தாராவி இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பினுள் பல இலட்சம் மக்கள் வாழும் பகுதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல்பதனிடும் தொழிலுக்காக வந்த தமிழ் முஸ்லிம்களும், பின்னர்க் கூலிவேலை தேடி வந்த ஆதிதிராவிடர், நாடார் முதலிய பிரிவினரும் இங்குத் தமிழ்க் குடியிருப்புகளை உருவாக்கினர். வைகறையில் இட்டலி அவித்துக் கூடையில் சுமந்து நகரெங்கும் விற்போர் இங்கு உள்ளனர். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது முதலிய மொழிகளோடு தமிழிலும் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. ஆகவே தமிழ்ப் படநூலுக்குரிய வாசகர் இங்கு இருக்கின்றனர்.

தாராவிக்கும் குப்பைக்கும் உள்ள உறவு மூன்று முகங்களை உடையது. முதலாவது, மறுசுழற்சித் தொழில். 'பதின்மூன்றாம் காம்பவுண்ட்' என வழங்கும் பகுதியில் நெகிழி, தாள், தகரம், அட்டை முதலியன தரம் பிரிக்கப்பட்டு மீண்டும் மூலப்பொருளாகின்றன. இது உலர்குப்பையின் உலகம். விலை உள்ளதால் உலர்குப்பையைத் தேடி எடுக்க ஆள் உண்டு. விலையற்ற ஈரக்குப்பையை எவரும் தேடுவதில்லை.

இரண்டாவது முகம் தேவனார். செம்பூருக்கு அருகே 1927 முதல் மும்பையின் குப்பை கொட்டப்பட்ட மேடு இது. 2016 ஜனவரியில் இங்கு மூண்ட தீயின் புகை நகரின் பெரும்பகுதியை மூடியது. அருகிலிருந்த மாநகராட்சிப் பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன. காற்றுப் புகாமல் புதையும் ஈரக்குப்பையிலிருந்து மீத்தேன் வளி தோன்றுவது இத்தகைய தீ அணையாமல் கனல்வதற்கு ஒரு முதன்மைக் காரணம். தாராவி வீட்டில் உரித்த வாழைப்பழத்தோலுக்கும் செம்பூரில் மூச்சுத்திணறிய குழந்தைக்கும் இடையே இவ்வாறு ஒரு தொடர்பு அமைகிறது.

மூன்றாவது முகம் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர் பரப்பில் அமைந்த இக்காடு முன்னர்க் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையினர் எழுப்பிய கருத்தின் பயனாகவும், பறவையியலறிஞர் சாலிம் அலி போன்றோரின் ஆதரவாலும் அக்குப்பைமேட்டில் மரங்கள் நடப்பட்டன. 1994 ஏப்ரல் 22இல், புவி நாளன்று, அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பை மண்ணாகும், மண் மரமாகும் என்பதற்குத் தாராவிச் சிறார்க்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

3. சொல்லும் பொருளும்

உரமாக்கலைத் தமிழில் கற்பிக்கப் புகும் படநூலாசிரியர் முதலில் எதிர்கொள்வது சொற்சிக்கல். 'கம்போஸ்ட்' என்பதற்கு மட்குரம், மக்குரம், மக்கிய உரம், தொழுவுரம், எரு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. அரசு அறிவிப்புகளிலும் குப்பைத்தொட்டிகளிலும் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்ற இணை நிலைபெற்றுவிட்டது. ஆயின் பள்ளிச்சிறார் வழக்கில் 'மக்கு' என்பது அறிவிற் குறைந்தவரைக் குறிக்கும் ஏச்சுச்சொல். கணக்குத் தவறிய மாணவனை நோக்கி எறியப்படும் அச்சொல்லே நூலில் நற்பொருளில் வரும்போது வகுப்பில் சிரிப்பு எழும். அச்சிரிப்பு ஒரு குழந்தையை நோக்கித் திரும்பவும் கூடும். 'மட்கு' என்ற எழுத்துவழக்கு வடிவம் இவ்விடரைத் தவிர்க்கிறது. ஆனால் வீட்டில் வழங்காத சொல்லாதலின் குழந்தையின் காதுக்கு அது அயலாகவே ஒலிக்கிறது.

நல்ல படநூலாசிரியர் இவ்விடரையே வாய்ப்பாக மாற்ற இயலும். மக்கு எனப்பட்ட ஒன்று மெல்ல, ஓசையின்றி, எல்லாருக்கும் பயன்தரும் பொருளாக மாறுகிறது என்ற கதையமைப்பு, ஏச்சுச்சொல்லின் நச்சுப்பல்லைப் பிடுங்கிவிடும். வேற்றுமொழியிலிருந்து பெயர்க்கப்படும் நூல் இதனைச் செய்ய இயலாது. தமிழிலேயே தோன்றும் நூலுக்கு மட்டுமே இது கைகூடும்.

'குப்பை' என்ற சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. தமிழக உழவர் வழக்கில் குப்பை என்பது எருவைக் குறிக்கும். வயலுக்குக் குப்பை அடித்தல் என்றால் உரமிடுதல் என்பது பொருள். குப்பைக்குழி என்பது வீட்டின் செல்வங்களுள் ஒன்று. திருக்குறளின் உழவு அதிகாரமும் ஏரோட்டுவதனினும் எருவிடுதலைச் சிறந்ததாக வைத்துப் பேசுகிறது. நகர வழக்கிலோ குப்பை என்பது விலக்கத்தக்க அழுக்கு மட்டுமே. தாராவியில் தாத்தா அல்லது ஆச்சியின் நாவில் வரும் 'குப்பை'யும், பேரக்குழந்தையின் நாவில் வரும் 'குப்பை'யும் ஒரே ஒலியுடைய இருவேறு சொற்கள் எனலாம். அக்குழந்தை தெருவில் கேட்பது பெரும்பாலும் 'கச்ரா' என்ற சொல்லையே. ஈரக்குப்பையும் உலர்குப்பையும் அதற்கு 'ஓலா கச்ரா', 'சுகா கச்ரா' என்ற மராத்தி வடிவிலேயே அறிமுகமாகின்றன. மண்ணோடு தொடர்புடைய பொருள் ஊரிலேயே தங்கிவிட, அழுக்கோடு தொடர்புடைய பொருள் மட்டும் நகருக்குக் குடிபெயர்ந்துள்ளது. உரமாக்கல் பற்றிய தமிழ்ப் படநூல் இழந்த அப்பொருளை மீட்டுத்தரும் நூலாகவும் அமைய வேண்டும்.

4. மேலைப் படநூல்கள்: நான்கு உத்திகள்

ஆங்கிலத்தில் தோன்றிய நூல்களில் நான்கு உத்திகளைப் பிரித்துக் காணலாம்.

4.1 பட்டியல் உத்தி

மேரி மெக்கென்னா சிட்டல்ஸ் எழுதி, ஆஷ்லி வுல்ஃப் ஓவியம் வரைந்த 'கம்போஸ்ட் ஸ்டூ' (2010) ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் உரக்குவியலுக்குரிய பொருள்களை அடுக்கிச் செல்கிறது. எதுகை நயமும் ஒட்டுப்பட ஓவியமும் இந்நூலின் சிறப்புகள். குழந்தை வாய்விட்டுச் சொல்லி மகிழ இவ்வடிவம் ஏற்றது.

எனினும் இவ்வுத்தியில் ஒரு குறை உண்டு. எழுத்துவரிசை பொருள்களை ஒலியால் ஒழுங்குபடுத்துகிறது. உரக்குவியலோ அவற்றைத் தன்மையால் ஒழுங்குபடுத்துகிறது. கரிமச்சத்து மிக்க காய்ந்த பொருள்களும் தழைச்சத்து மிக்க பச்சைப் பொருள்களும் தக்க அளவில் சேர்ந்தாலன்றிக் குவியல் உரமாகாது; கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ முப்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அமைதல் நன்று என்பர். பட்டியல் இவ்விகிதத்தைக் காட்டுவதில்லை. இதனைத் தமிழ் அகரவரிசைக்கு மாற்றினால் இடர் மிகும். 'அ'வுக்கு அவரைத்தோல், 'இ'க்கு இஞ்சித்தோல், 'உ'வுக்கு உருளைக்கிழங்குத்தோல் என்று தொடங்கி, 'எ'க்கு எலுமிச்சைத்தோல் என்று எழுதத் தோன்றும். மண்புழுத்தொட்டியில் எலுமிச்சைத்தோல் மிகுந்தால் புழுவுக்கு ஊறு நேரும். எழுத்துக்காகப் பொருளைத் தேடுவது அறிவியலை எதுகைக்கு அடகு வைப்பதாகும்.

இந்நூலின் சமையல் உருவகமும் ஆராயத்தக்கது. கழிவுகளைப் பானையில் இட்டுக் கிளறும் கூட்டுணவாகக் காட்டுவது ஆங்கிலச் சூழலில் வெறும் விளையாட்டு. தமிழிலோ 'எச்சில்' என்றொரு கருத்து உண்டு. பிறர் உண்டு எஞ்சியதை உண்ணுமாறு ஒடுக்கப்பட்டோர் நிறுத்தப்பட்ட வரலாறு அச்சொல்லின் பின்னே நிற்கிறது. அவ்வரலாற்றை நினைவில் கொண்ட குடும்பங்கள் வாழும் தாராவியில், கழிவை அவியலாகவோ கூட்டாஞ்சோறாகவோ உருவகிப்பது தகாது. உணவு உருவகம் வேண்டுமாயின் அதனை மண்புழுவின் விருந்தாக்கலாம். மனிதரின் பானையை அதில் ஏற்றுதல் கூடாது.

4.2 கால உத்தி

வில் ஹப்பெல்லின் 'பம்ப்கின் ஜாக்' (2000) முகம் செதுக்கிய பூசணிக்காய் ஒன்றின் வாழ்க்கையைச் சொல்கிறது. விழா முடிந்தபின் சிறுவன் அதனைத் தோட்டத்தில் விடுகிறான். அது பூஞ்சணம் பூத்து, குழைந்து, பனியால் மூடப்பட்டு, இளவேனிலில் முளையாக எழுகிறது. குழந்தைக்கு அறிமுகமான முகம் ஒன்று படிப்படியாக அழிவதையும், அவ்வழிவே பிறப்பாவதையும் அச்சுறுத்தாமல் காட்டுவது இந்நூலின் வெற்றி.

உரமாக்கலைக் கற்பிப்பதில் காலமே முதன்மையான இடர். படநூலில் ஒரு தாளைப் புரட்டினால் மூன்று மாதம் கடந்துவிடும். தொட்டியில் மூன்று மாதம் கடக்க மூன்று மாதம் ஆகும். இரண்டாம் நாளே மூடியைத் திறந்து பார்க்கும் குழந்தை ஏமாறும். ஹப்பெல் பருவமாற்றத்தைக் காலத்தின் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார். அவ்வளவுகோல் பனி பொழியும் நாட்டுக்குரியது. மும்பையின் அளவுகோல் மழை. ஜூனில் மழை தொடங்கும், விநாயகர் ஊர்வலம் வரும், நவராத்திரி வரும், பொங்கல் வரும். பிள்ளையாருக்குச் சார்த்திய பூ பொங்கலுக்குள் மண்ணாயிற்று என்று சொன்னால் தாராவிக் குழந்தை காலத்தைக் கையில் பிடித்துக்கொள்ளும். மாதுங்காவின் பூக்கடைகளில் நாள்தோறும் வாடிக் கழியும் பூ இக்கதைக்கு இயல்பான பொருளாகும்.

4.3 அருவருப்பு நீக்கும் உத்தி

விவியன் ஃபிரெஞ்ச் எழுதி, ஜெசிக்கா ஆல்பெர்க் ஓவியம் வரைந்த 'யக்கி வார்ம்ஸ்' (2009) மண்புழுவைக் கண்டு முகம் சுளிக்கும் சிறுவனுக்கு அவன் பாட்டி அதன் அருமையை விளக்குவதாக அமைகிறது. அறியாமையே அருவருப்புக்குக் காரணம், அறிவு வந்தால் அருவருப்பு நீங்கும் என்பது இந்நூலின் அடிப்படை.

தனிமனித அருவருப்புக்கு இது பொருந்தும். இந்தியச் சூழலில் அருவருப்பு பொருளோடு நிற்பதில்லை. பொருளைத் தொடும் மனிதர்மீதும் அது படர்கிறது. துப்புரவுப் பணியாளரின் குழந்தை தன் தந்தையின் தொழிலை வகுப்பில் சொல்லக் கூசுவது புழுவைப் பற்றிய அறியாமையால் அன்று. ஆகவே 'குப்பை அழுக்கன்று' என்று நூலின் சொல் உரைத்தால் மட்டும் போதாது. அக்குப்பையை நூலின் படத்தில் யார் கையில் ஏந்துகின்றனர் என்பதே அதன் உண்மையான கூற்று. வாளி எப்போதும் தாயின் கையிலோ பெண்குழந்தையின் கையிலோ இருக்குமாயின் படம் ஒரு பாடத்தைக் கற்பிக்கும். கறுத்த மேனியர் மட்டும் குப்பையைத் தொட, மற்றவர் செடியைத் தொடுவாராயின் வேறொரு பாடத்தைக் கற்பிக்கும். ஆசிரியரும், தந்தையும், கடைக்காரரும், மாடிக்குடியிருப்பில் வாழ்வோரும் தத்தம் கழிவைத் தாமே ஏந்தி வரும் படம், பக்கம் பக்கமாக எழுதும் அறவுரையினும் வலிமை உடையது.

4.4 நகைச்சுவை உத்தி

டோரீன் குரோனின் எழுதி, ஹாரி பிளிஸ் ஓவியம் வரைந்த 'டைரி ஆஃப் எ வார்ம்' (2003) மண்புழுச் சிறுவன் ஒருவனின் நாட்குறிப்பாக அமைந்தது. பள்ளி, வீடு, நட்பு என மனிதக் குழந்தையின் உலகமே புழுவின் அளவுக்குச் சுருங்கி வருகிறது. இந்நூல் உரமாக்கலை நேரடியாகக் கற்பிப்பதில்லை. எனினும் மேற்கண்ட நூல்களுள் தாராவிக்கு எளிதில் பெயரத்தக்கது இதுவே. காரணம், புழுவின் வீடும் சிறியது. இடநெருக்கத்தை இழிவாகக் காட்டாமல் நகைச்சுவையின் ஊற்றாக்கும் பார்வை, பத்துக்குப் பத்து அடி அறையில் வாழும் குழந்தைக்கு உடனே நெருக்கமாகும்.

5. மண்ணுடைமை என்ற முன்கோள்

இந்நூல்களுக்குப் பொதுவான முன்கோள் ஒன்று உண்டு. அது வீட்டுத்தோட்டம். லிண்டா கிளேசரின் 'கம்போஸ்ட்! குரோயிங் கார்டன்ஸ் ஃப்ரம் யுவர் கார்பேஜ்' (1996) தன் பெயரிலேயே தோட்டத்தை வைத்துள்ளது. கழிவு வீட்டிலிருந்து கொல்லைக்குச் சென்று, உரமாகி, செடியாகி, காயாகி, மீண்டும் வீட்டுக்கு வருகிறது. இவ்வட்டம் முழுமையாவதற்குக் குடும்பத்துக்குச் சொந்த மண் வேண்டும்.

தாராவிச் சந்தில் மண் என்பதே காணற்கரியது. தரை சிமிட்டியால் மூடப்பட்டது. வாயிலுக்கு வெளியே சாக்கடை. இக்குழந்தைக்கு மேற்படி நூல்களைக் கொடுக்கும்போது அது பெறும் முதற்செய்தி, 'இது உன்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றிய கதை' என்பதே. உரமாக்கல் அதற்குப் பனிமனிதன் செய்தல்போல அயல்நாட்டு விளையாட்டாகத் தோன்றும்.

இம்முன்கோள் அறிவியல் விளக்கத்தையும் பாதிக்கிறது. கொல்லைக் குவியல் ஏறத்தாழ ஒரு கன மீட்டர் அளவிருந்தால் உள்ளே 55 செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறும். ஆவி எழும் குவியலைக் கிளறும் படம் இதனால் தோன்றியது. சிறு மண்தொட்டியில் அத்துணை வெப்பம் நிலைப்பதில்லை. அங்கு நிகழ்வது மெதுவான சிதைவு. தாராவிக்குரிய நூலில் துளையிட்ட மண்பானையோ பழைய வாளியோ வரவேண்டும். அடியில் தேங்காய் நார், அதன்மேல் காய்கறித்தோல், ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகு அல்லது கிழித்த தாள் என்ற அடுக்கு வரவேண்டும். இப்பொருள்கள் அனைத்தும் அங்குக் கிடைப்பவை. பானைகூட அங்குள்ள கும்பார்வாடாவில் செய்யப்படுவதே.

தோல்வியையும் நூல் மறைத்தல் ஆகாது. ஈரம் மிகுந்தால் நாற்றம் எழும். மூடாவிடில் ஈ மொய்க்கும். மீன்செதிலும் எண்ணெய்க்கறியும் இட்டால் எலி வரும். நெருங்கிய சந்தில் இவை பக்கத்து வீட்டோடு சண்டையாக முடியும். வெற்றியை மட்டும் காட்டும் நூல், தொட்டி நாறிய அன்றே குழந்தையின் நம்பிக்கையை இழக்கும். நாற்றம் என்பது 'காற்று வேண்டும், சருகு வேண்டும்' என்று தொட்டி சொல்லும் செய்தி எனக் காட்டும் நூலோ, தோல்வியையே பாடமாக்குகிறது.

6. உலர்குப்பையும் உழைப்பும்

இந்தியச் சூழலில் எழுந்த நூல்களுள் சென்னைத் தாரா பதிப்பகத்தின் 'டிராஷ்!' (1999) குறிப்பிடத்தக்கது. கீதா வுல்ஃப், அனுஷ்கா ரவிசங்கர், ஓவியர் ஒரிஜித் சென் ஆகியோரின் கூட்டுமுயற்சியான இந்நூல், ஊரைவிட்டுச் சென்னைக்கு வரும் வேலு என்ற சிறுவனையும், குப்பை பொறுக்கி வாழும் ஜெயா என்ற சிறுமியையும் பற்றியது. இதன் பகுதியொன்று தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் எட்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடநூலில் இடம்பெற்றிருந்தது.

மேலை நூல்களில் காணப்படாத உழைப்பாளி இந்நூலில் நடுநாயகமாக நிற்கிறார். குப்பை தானே மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர், சில வேளை ஒரு குழந்தை, அதனைத் தொடுகிறார் என்பதை நூல் மறைக்கவில்லை. ஆயின் இது வளர்ந்த சிறார்க்குரிய ஆங்கில நூல். இதன் பொருள் பெரிதும் உலர்குப்பை. மேலை நூல்களில் ஈரக்குப்பையும் மண்ணும் உண்டு, உழைப்பாளி இல்லை. இந்நூலில் உழைப்பாளி உண்டு, மண் இல்லை. தாராவிக்குரிய படநூல் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் தோன்ற வேண்டும். அச்சந்திப்பு கற்பனை அன்று. மும்பையில் ஸ்திரீ முக்தி சங்கடனா 1998 முதல் 'பரிசர் விகாஸ்' என்ற திட்டத்தின்வழிக் குப்பை பொறுக்கும் பெண்களுக்கு ஈரக்கழிவை உரமாக்கும் பயிற்சி அளித்துள்ளது. பொறுக்குபவராக மட்டும் பார்க்கப்பட்ட பெண் உரமாக்கும் நுட்பம் அறிந்தவராக மாறிய செய்தி, படநூலொன்றின் கதைத்தலைவிக்கு உரியது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். 2017 அக்டோபர் முதல் பெரிய குடியிருப்பு வளாகங்கள் தம் ஈரக்கழிவைத் தாமே பதப்படுத்த வேண்டும் என மும்பை மாநகராட்சி வலியுறுத்தியது. கழிவின் பொறுப்பு அதனை மிகுதியாக உண்டாக்குவோரிடம் தொடங்க வேண்டும் என்பது அதன் உட்கோள். குறைவாக நுகர்ந்து, நகரின் குப்பையைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும் தாராவியின் குழந்தையிடம் 'நகரத்தைக் காப்பது உன் கடமை' என்று நூல் அறிவுறுத்துமாயின் அது நீதியன்று. உரமாக்கல் அக்குழந்தைக்கு வியப்பாக வரவேண்டும். தண்டனையாக வருதல் கூடாது.

7. தமிழ் மரபின் நாங்கூழ்

மண்புழுவைப் போற்றும் மரபு தமிழுக்குப் புதிதன்று. சார்லஸ் டார்வின் மண்புழுக்களின் செயலால் மேல்மண் உருவாதல் பற்றிய தம் நூலை 1881இல் வெளியிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1891இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீய நாடகத்தில், நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப்புழுவை விளித்துப் பேசுகிறது. ஓயாது உழைத்தும் தன் உழைப்பைப் பறைசாற்றாத அச்சிற்றுயிரை உழுவோர் அனைவரினும் உயர்ந்த இடத்தில் வைத்து அப்பகுதி போற்றுகிறது. அறிவியல் உண்மையும் உழைப்பின் மாண்பும் ஒரே பார்வையில் இணைந்திருத்தல் இங்கு எண்ணத்தக்கது.

மேலைப் படநூல்கள் புழுவை நண்பனாகவோ வேடிக்கைப் பொருளாகவோ காட்டுகின்றன. உழைப்பாளியாகக் காணும் பார்வை தமிழில் முன்னரே உள்ளது. தாராவிக் குழந்தையின் பெற்றோரும் அத்தகைய ஓசையற்ற உழைப்பாளரே. புழுவின் பெருமையைச் சொல்லும்போதே, பெயரெடுத்துச் சொல்லாமல், தாய்தந்தையின் பெருமையையும் சொல்லிவிட இம்மரபு வழிசெய்கிறது.

தமிழகத்தில் மண்புழு உரத்தைப் பரப்பிய அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் போன்றோரின் பணியால் இதற்குரிய அறிவியல் செய்திகளும் எளிதில் கிடைக்கின்றன. மண்புழுவுக்குப் பல் இல்லை, தோலால் மூச்சுவிடுகிறது, இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகாது, தோட்டத்தின் ஆழத்தில் வாழும் புழுவும் உரத்தொட்டிக்குரிய மேற்பரப்புப் புழுவும் வேறு. இத்தகைய செய்திகளை நூல் பிழையின்றித் தரவேண்டும். வெட்டினால் இரண்டாகும் என்ற தவறான நம்பிக்கை சிறாரிடையே பரவியிருப்பதால், அதனை மறுப்பது பல புழுக்களின் உயிரையும் காக்கும்.

8. தாராவிக்குரிய படநூலின் இலக்கணம்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் சில கூறுகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, மொழி. கதைமாந்தர் பேச்சில் நெல்லை வழக்கும் மும்பைச் சொற்களும் இயல்பாக வரலாம். ஆச்சி 'குப்பை' என்பதும், பேரன் 'கச்ரா' என்பதும், ஆசிரியை 'ஈரக்கழிவு' என்பதும் ஒன்றே என்று குழந்தை கண்டுபிடிப்பதையே கதையாக்கலாம். இறுதியில் வரும் சொல் 'உரம்' என்பதாக அமைதல் நன்று. அச்சொல்லுக்கு எரு, வலிமை என்ற இருபொருளும் தமிழில் உண்டு.

இரண்டாவது, கதையின் முடிவு. சொந்தத் தோட்டம் இல்லாத இடத்தில் உரம் எங்குச் செல்லும் என்ற வினாவுக்கு நூல் விடையளிக்க வேண்டும். ஏணிப்படியிலோ தகரக்கூரையின் ஓரத்திலோ பழைய டப்பாவில் வளரும் துளசி, கற்பூரவல்லி, கறிவேப்பிலை ஆகியவை ஒரு விடை. பள்ளியின் தொட்டிச்செடி மற்றொரு விடை. இயற்கைப் பூங்காவின் மரங்கள் மூன்றாவது விடை. பிடிமண்ணில் தொடங்கி, குப்பைமேட்டில் எழுந்த காட்டில் முடியும் நூல், சிறிய செயலையும் பெரிய நிகழ்வையும் ஒரே நேர்க்கோட்டில் வைக்கும்.

மூன்றாவது, ஓவியம். காகமும் எலியும், தகரமும் நெகிழித்தாளும் கொண்ட தெருவை ஓவியர் உள்ளவாறு வரையவேண்டும். துடைத்து வெளுத்த தெருவை வரைந்தால் குழந்தை அதனைத் தன் தெரு என்று ஏற்காது. அழுக்கை மட்டும் வரைந்தால் தன் தெருவைக் குறித்து நாணும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பச்சைத் தளிரும் உண்டு என்பதைக் காணும் கண் ஓவியருக்கு வேண்டும்.

நான்காவது, வெளியீடு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்னும் மின்தளம் படநூல்களைத் திறந்த உரிமத்தில் அளிக்கிறது; அவற்றை மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் ஆசிரியர்க்கு இசைவு உண்டு. அச்சுச்செலவு தடையாக இருக்கும் மும்பைத் தமிழ்ப்பள்ளிகளில், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தம் தெருவுக்குரிய நூலைத் தாமே ஆக்கிக்கொள்ள இது வழியாகும்.

9. முடிவுரை

உரமாக்கல் பற்றிய மேலைப் படநூல்கள் பட்டியல், காலம், அருவருப்பு நீக்கம், நகைச்சுவை என்னும் உத்திகளில் தேர்ச்சி பெற்றுள்ளன. அவை மண்ணுடைமையை முன்கோளாகக் கொண்டுள்ளமையும், குப்பையைத் தொடும் மனிதரைக் காணாமல் விட்டமையும் தாராவிச் சூழலில் குறைகளாகின்றன. இந்திய நூலான 'டிராஷ்!' உழைப்பாளியைக் காட்டினும் மண்ணைத் தொடவில்லை. தமிழின் சொல்வழக்கும், மனோன்மணீயம் காட்டும் நாங்கூழின் மாண்பும், தாராவியை ஒட்டியே எழுந்த காடும் இவ்விடைவெளியை நிரப்பும் பொருள்களாக உள்ளன.

இதில் அடங்கியுள்ள வினா வேளாண்மையைப் பற்றியது மட்டுமன்று. பயனற்றது என்று ஒதுக்கப்பட்ட ஒன்றைக் குறித்து ஒரு குழந்தை முதன்முதலில் எவ்வாறு எண்ணக் கற்கிறது என்பதைப் பற்றியது. வாழைப்பழத்தோலைப் பற்றிய தீர்ப்பை நிறுத்திவைத்து, மூன்று மாதம் காத்திருந்து, அது என்னவாகிறது என்று பார்க்கப் பழகிய குழந்தை, மனிதரைப் பற்றிய தீர்ப்பையும் விரைந்து வழங்காது என எதிர்பார்க்கலாம். அத்தகைய படநூல் தாராவியின் தமிழ்க் குழந்தைக்கு மட்டுமன்றி, மாதுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடியில் வாழும் தமிழ்க் குழந்தைக்கும் தேவைப்படுகிறது. தன் வீட்டு வாளி எங்குச் சென்று கவிழ்கிறது என்பதை இன்னும் அறியாத குழந்தை பெரும்பாலும் அக்குழந்தையே ஆகும்.